ஜான் வெட்டனின் பேஸ் கிட்டார் எங்கே தொலைந்தது?

தாழ்சுருதி:

நேற்றிரவு இரண்டு இசைத்தட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டேன். கிங் கிரிம்சன் என்ற ராக் இசைக்குழுவின் 'ரெட்', 1974. ஏஷியா என்ற குழுவின் முதல் இசைத்தட்டு, 1982. இரண்டிலும் பாடுபவரும் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிப்பவரும் ஒருவரே: ஜான் வெட்டன். குரல் அதே குரல்தான், இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் இன்னும் கனிந்திருக்கிறது. பேஸைக் கேட்டால்தான் வேறு ஆள் வாசித்தாரோ என்று சந்தேகம் வருகிறது. 'ரெட்'டில் அது முன்வரிசையில் நின்று கிட்டாரோடு மல்லுக்கட்டுகிறது. ஏஷியாவில் சுவரோரம் ஒதுங்கி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழிவிடுகிறது.

மோகல் த்ராஷ், ஃபேமிலி, கிங் கிரிம்சன், ராக்ஸி மியூசிக், யூரியா ஹீப், யூகே, விஷ்போன் ஆஷ், ஏஷியா. பத்துப் பதினோரு ஆண்டுகளுக்குள் எட்டு இசைக்குழுக்கள். வீடு மாறும்போதெல்லாம் ஏதோ ஒரு சாமான் தொலையும் அல்லவா? இவருக்குத் தொலைந்தது பேஸ். நானும் கொஞ்சம் பேஸ் வாசிப்பவன் என்பதால் இந்த ஆதங்கம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஏஷியா ரசிகை:

மறுக்கிறேன். 'ரெட்'டைப் புகழ வேண்டுமென்றால் ஏஷியாவைத் தட்டியே ஆகவேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அந்த முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 1982ஆம் ஆண்டுக்கான பில்போர்ட் இதழின் பட்டியலிலும் அதற்குத்தான் முதலிடம். விற்பனைதான் தரம் என்று சொல்லவரவில்லை, நீங்கள் பாய்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அதுவரை அடுத்தவர் வீட்டில் திண்ணையில் படுத்திருந்தவர் முதன்முறையாகத் தன் வீட்டுக்குள் போனார். அதைப் போய்த் 'தொலைந்தது' என்கிறீர்கள்.

ஸ்டீவ் ஹோவின் கிட்டார், ஜெஃப் டௌன்ஸின் கீபோர்ட், கார்ல் பாமரின் டிரம்ஸ். மூன்று பேரும் இடத்தை அடைத்துக்கொண்டு வாசிப்பவர்கள். நான்காவது ஆளும் மல்லுக்கட்டியிருந்தால் பாட்டு எங்கே நிற்கும்?

பதின்மூன்று:

டிரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் ஒரு வரி: கார்ல் பாமரோடு வாசிக்கும் எந்த பேஸ்காரரும் சுவரோரம்தான் நிற்கவேண்டும். அதுதான் பாதுகாப்பு.

பழைய இசைத்தட்டு:

எட்டுப் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டால் ஆள் ஓடுகாலி போலத்தான் தெரிவார். ஒவ்வொரு வீட்டிலும் எந்த வாசல் வழியாக நுழைந்தார், எந்த வாசல் வழியாக வெளியே வந்தார் என்று பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

ஃபேமிலியில் 1971இல் சேர்ந்தார். 'ஃபியர்லெஸ்', 'பாண்ட்ஸ்டாண்ட்' என்று இரண்டு இசைத்தட்டுகள். அங்கே ராஜர் சாப்மன் என்ற பெரும் தொண்டைக்காரர் இருந்தார். அவர் இருக்கும் மேடையில் இன்னொருவர் முன்னணிப் பாடகராவது நடக்கிற காரியமில்லை. 1972இல் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் தன் கிங் கிரிம்சனைப் புதிதாகக் கட்டியபோது, பேஸும் பாட்டும் சேர்ந்தே வெட்டனுக்குக் கிடைத்தன.

அந்த நாற்காலியின் கதையே தனி. க்ரெக் லேக் அதில் உட்கார்ந்து எழுந்துபோன பிறகு, ஒரு கட்டத்தில் பேஸ்காரர் யாரும் அமையாமல், போஸ் பரல் என்ற பாடகருக்கு ஃப்ரிப்பே உட்காரவைத்து பேஸ் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர் பின்னாளில் பேட் கம்பெனி என்ற குழுவில் பேஸ் வாசித்துப் புகழ்பெற்றது வேறு விஷயம். அந்த இடத்துக்குத்தான் வெட்டன் வருகிறார். கைப்பழக்கமும் குரலும் ஒருங்கே உள்ளவர்.

வந்தபின் நடந்ததுதான் தாழ்சுருதி கேட்ட சத்தம். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதன் ஒலியைக் கரகரக்கவும் குழையவும் வைக்கும் ஃபஸ், வா-வா பெடல்கள், பக்கத்தில் பில் புரூஃபோர்டின் டிரம்ஸ். இந்த இருவரும் சேர்ந்து எழுப்பிய ஒலியில் டேவிட் கிராஸின் வயலின் மேடையில் மூழ்கிப்போனது. 1974 ஜூலை 1ஆம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்ததுதான் அந்த அணியின் கடைசிக் கச்சேரி. அதற்குப் பிறகு கிராஸ் இல்லை. 'ரெட்' அட்டையில் மூன்றே முகங்கள் இருப்பதன் காரணம் அதுதான். அந்த இசைத்தட்டு அக்டோபரில் கடைக்கு வருவதற்குள், செப்டம்பரிலேயே ஃப்ரிப் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். வெட்டன் போகவில்லை ஐயா, வீட்டையே இடித்துவிட்டார்கள்.

தாழ்சுருதி:

பழைய இசைத்தட்டு ஐயா, அது சரி. ஆனால் அடுத்து யூரியா ஹீப்பில் ஒரே ஒரு இசைத்தட்டு செய்துவிட்டு ஓடியது யார் இடித்த வீடு?

பழைய இசைத்தட்டு:

ஒன்று இல்லை, இரண்டு. 'ரிட்டர்ன் டு ஃபேன்டசி' 1975, 'ஹை அண்ட் மைட்டி' 1976. முதலாவது இங்கிலாந்தில் ஏழாவது இடம் வரை போனது. அந்தக் குழுவின் எந்த இசைத்தட்டும் அங்கே அதற்கு மேல் ஏறியதில்லை. முந்தைய பேஸ்காரர் கேரி தெய்ன் விட்டுச்சென்ற இடத்தில் உட்கார்ந்தார். சம்பளத்துக்கு வாசித்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன குற்றம்? அதற்கு முன்பு ராக்ஸி மியூசிக்கோடு சுற்றுப்பயணம் போனதும் அப்படித்தான். முதல் இசைத்தட்டுக்குப் பிறகு ராக்ஸி நிலையான பேஸ்காரரை வைத்துக்கொண்டதே இல்லை. அங்கே பேஸ் வாசிப்பது வாடகை அறையில் இருப்பதுபோல, ஆணி அடிக்கக் கூடாது.

ஆனால் அந்த வாடகை அறையிலிருந்து அவர் ஒரு நட்பைக் கொண்டுவந்தார். எடி ஜாப்சன், ராக்ஸியின் வயலின், கீபோர்ட் கலைஞர். கிரிம்சனின் 'யுஎஸ்ஏ' நேரலை இசைத்தட்டில் சில இடங்களில் கேட்கும் வயலின் பின்னால் ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டது, வாசித்தவர் இந்த ஜாப்சன். 1977இல் வெட்டனும் புரூஃபோர்டும் சேர்ந்து யூகே தொடங்கியபோது ஜாப்சனும் வந்தார், கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த்தும் வந்தார். அதற்குச் சற்று முன்பு கீபோர்ட் கலைஞர் ரிக் வேக்மனோடு வெட்டனும் புரூஃபோர்டும் ஒத்திகை பார்த்து, அது இசைத்தட்டாக மாறாமலேயே கரைந்தது. வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு கதவு மூடும்போது பக்கத்துக் கதவைத் தட்டிய ஆள்தான் தெரிவார்.

புதியவன்:

வணக்கம். இங்கே பெரியவர்கள் பேசும் பாதிப் பெயர்கள் எனக்குப் புதியவை. வெட்டனின் பேஸ் எப்படி இருக்கும் என்று கேட்க ஒரே ஒரு பாடல் சொல்வதானால் எதைச் சொல்வீர்கள்?

தாழ்சுருதி:

'ரெட்'டின் கடைசிப் பாடல், 'ஸ்டார்லெஸ்'. பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள், கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் காற்றோடு போய்விடும்.

முதல் நான்கு நிமிடங்கள் சோகமான மெட்டு, வெட்டன் பாடுகிறார். பிறகு பாட்டு நின்றுவிடுகிறது. பேஸ் மட்டும் மெதுவாக, தாழ்வாக ஒரு வரியைத் தொடங்குகிறது. அதன் மேல் ஃப்ரிப் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். நெடுநேரத்துக்கு ஒரு முறைதான் படியேறுவார். கிட்டார் ஏற ஏற, கீழே பேஸின் தொண்டை கரகரக்கத் தொடங்குகிறது. அதே வரிதான். முதல் சுற்றில் முணுமுணுப்பாக இருந்தது கடைசியில் உறுமலாகிவிடும். நான் தேடுகிற வெட்டன் அவர்தான். அப்படி ஒரு வரியை எழுதியவர் எட்டு ஆண்டு கழித்து எப்படி அடங்கிப்போனார் என்பதுதான் என் கேள்வி.

பதின்மூன்று:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தப் பாடலில் இருந்துதான் என் பெயரையே எடுத்தேன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த பேஸ் வரியை எழுதியவர் வெட்டன் இல்லை, பில் புரூஃபோர்ட். டிரம்ஸ்காரர் எழுதிய பேஸ் வரி. வாசித்துப் பார்த்தால் தெரியும். ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று மாத்திரை, எட்டும் ஐந்துமாகப் பிரித்துத்தான் நான் எண்ணுவேன். முதல் எட்டு ஒழுங்காகப் போகும். அடுத்ததும் எட்டுதான் என்று உடம்பு நம்பிக் காத்திருக்கும். ஐந்திலேயே சுற்று முடிந்து, மூன்று மாத்திரை முன்னதாக அடுத்த சுற்று வந்து இடிக்கும். மாடிப்படி இன்னும் இருக்கிறது என்று கால் வைத்து, தரை தட்டுப்படும்போது வயிற்றில் ஒரு திடுக்கிடல் வருமே, அதுதான். சுற்றுக்குச் சுற்று அந்தத் திடுக்கிடல் வந்துகொண்டே இருப்பதால்தான் அந்த நீண்ட பகுதியில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை.

ஏஷியா ரசிகை:

பதின்மூன்று, நீங்கள் சொன்னதில் பாதிதான் சொன்னீர்கள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், அது என் கட்சிக்கு வலு சேர்ப்பது.

அந்தப் பாடலில் வெட்டன் கொண்டுவந்தது எது? முதல் நான்கு நிமிடங்கள். அந்த மெட்டு. முந்தைய இசைத்தட்டான 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' தயாரானபோதே அவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார், மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். தலைப்பை மட்டும் வேறொரு வாத்திய இசைக்கு வைத்துக்கொண்டார்கள். பாடல் அடுத்த இசைத்தட்டுக்காகக் காத்திருந்தது. இன்று கிங் கிரிம்சன் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் மெட்டுகளில் ஒன்று அது.

ஆக, நீங்கள் 'உண்மையான வெட்டன்' என்று காட்டியது புரூஃபோர்டின் கைவண்ணம். ஒதுக்கப்பட்ட அந்த மெட்டுதான் வெட்டனுடையது. மெட்டுக்கு இடம் தேடித்தான் அவர் இத்தனை வீடு ஏறி இறங்கினார். விஷ்போன் ஆஷின் 'நம்பர் தி பிரேவ்' இசைத்தட்டில் 1981இல் அவருக்குப் பாடக் கிடைத்தது ஒரே ஒரு பாடல். பாட்டு கட்டத் தெரிந்தவருக்கு ஒரே ஒரு பாடல்! அதே ஆண்டு ஏஷியா தொடங்கியது. டௌன்ஸோடு உட்கார்ந்து 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' எழுதினார். அமெரிக்காவில் நான்காவது இடம். யாரும் ஒதுக்கவில்லை.

தாழ்சுருதி:

அடி பலமாக விழுந்திருக்கிறது. புரூஃபோர்ட் எழுதியது எனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. வரியை யார் எழுதினார் என்பது வேறு, அது ஒலித்த விதம் வேறு. அந்தப் பதின்மூன்று மாத்திரைகளை என் கையில் கொடுத்தால் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல இருக்கும் (கொடுத்துப் பார்த்தார்கள், அப்படித்தான் இருந்தது). முணுமுணுப்பை உறுமலாக்கியது வெட்டனின் கை. கிரிம்சனின் 'த டாக்கிங் டிரம்' கேளுங்கள், அதிலும் பேஸ் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் வாசிக்கிறது. மேலே வயலினும் கிட்டாரும் எவ்வளவு வெறிகொண்டாலும் கீழே பிடி தளர்வதில்லை. அந்தப் பிடியைத்தான் ஏஷியாவில் தேடுகிறேன்.

பழைய இசைத்தட்டு:

நீங்கள் இருவரும் ஆளை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் பேஸுக்கு எப்படி வந்தார் என்பதைச் சொன்னால் கிழிசல் கொஞ்சம் ஒட்டும்.

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் வில்லிங்டன் என்ற ஊரில் 1949 ஜூன் 12ஆம் தேதி பிறந்தவர், வளர்ந்தது தெற்குக் கடற்கரையில் போர்ன்மத்தில். வீட்டில் அண்ணன் தேவாலய ஆர்கன் இசை பயின்றார். பயிற்சியின்போது கீழ்ப்பகுதியைத் தம்பி பியானோவில் வாசித்துக் கொடுக்க வேண்டும். ஆர்கனில் கால் கட்டைகள் வாசிக்கும் பகுதி அது. பாட்டு மேலே போகும்போது எதிர்த்திசையில் இறங்கும், அது நிற்கும்போது இது நகரும். துதிப்பாடல்களில் கீழ்ப்பகுதி வெறும் தாங்குகட்டை இல்லை, அதுவும் ஒரு பாட்டு. அப்படிக் கேட்டுப் பழகிய காது இவருடையது.

அந்தக் காதோடு ஏஷியாவைக் கேட்டால் அடக்கம் மட்டுமா தெரிகிறது? அடுக்கடுக்கான குரல்கள், அகன்ற ஸ்வரக்கட்டுகள், கீழே நிதானமாக நடக்கும் பேஸ். ஆர்கன் மாடத்தில் தம்பி செய்த வேலையேதான். கிரிம்சனில் கேட்டதுதான் அவர் வாழ்க்கையில் புதுமை, ஏஷியாவில் கேட்டது சின்ன வயதுப் பழக்கம்.

இருந்தாலும் எனக்குக் கிரிம்சன் காலம்தான் பிடிக்கும். அதை மறைக்கவில்லை.

பதின்மூன்று:

நடுவில் யூகே என்ற குழுவை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். முதல் இசைத்தட்டு 1978. அதில் தாளமும் உண்டு, மெட்டும் உண்டு, பேஸும் கேட்கிறது. சண்டை தீர்ந்ததா?

தாழ்சுருதி:

தீரவில்லை. அந்த நால்வர் அணி நெடுநாள் தாங்கவில்லையே. புரூஃபோர்டும் ஹோல்ட்ஸ்வர்த்தும் போய், டிரம்ஸுக்கு டெர்ரி போஸியோ வந்து, மூவராகி, 'டேஞ்சர் மனி', பிறகு ஜப்பானில் பதிவான 'நைட் ஆஃப்டர் நைட்', அதோடு சரி. ஆனால் ஒப்புக்கொள்கிறேன், கிட்டார் இல்லாத அந்த மூவர் அணியில் பேஸுக்கு மூச்சுவிட நிறைய இடம் இருந்தது. பாடிக்கொண்டே அதை வாசித்தார் என்பதை நினைத்தால் என் இரண்டு கைகளும் வெட்கப்படுகின்றன.

புதியவன்:

ஏஷியாவில் கடைசி வரை இருந்தாரா?

ஏஷியா ரசிகை:

அந்தக் கேள்வியைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

தன் வீடு என்று சொன்னேன் அல்லவா, அந்த வீட்டிலும் மூன்று ஆண்டுகளுக்குள் வெளியே நின்றார். இரண்டாவது இசைத்தட்டு 'ஆல்ஃபா' 1983இல் வந்தது. அமெரிக்காவில் ஆறாவது இடம். முதலாவதோடு ஒப்பிட்டு அதைத் தோல்வி என்றார்கள். அந்த டிசம்பரில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஏஷியா வாசித்தது. எம்டிவி அதை அமெரிக்காவில் ஒளிபரப்பியது. மேடையில் பேஸ் வாசித்துப் பாடியவர் வெட்டன் இல்லை, க்ரெக் லேக். கிரிம்சனில் வெட்டனுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த அதே லேக். அவரும் போர்ன்மத்துக்குப் பக்கத்து ஊரான பூல்காரர். வெட்டன் எழுதிய மெட்டுகளை அவர் பாடவேண்டி வந்தது.

வெட்டன் திரும்பி வந்தார், 'ஆஸ்ட்ரா' இசைத்தட்டைச் செய்தார், 1991இல் மறுபடி விலகினார். குடி அவரை எவ்வளவு தின்றது என்பதைப் பின்னாளில் அவரே ஒளிவுமறைவின்றிப் பேசினார். அதனால் அதை இங்கே குறிப்பிடுகிறேன், அதற்கு மேல் தோண்ட விருப்பமில்லை. அதிலிருந்து மீண்டு, 2006இல் பழைய நால்வரும் மறுபடி மேடையேறினார்கள். அடுத்த ஆண்டு இதய அறுவைச் சிகிச்சை. அதற்கும் அடுத்த ஆண்டு 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய இசைத்தட்டு.

2017 ஜனவரி 31ஆம் தேதி, குடல் புற்றுநோயால், 67 வயதில் இறந்தார். லேக் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தன்னால் மேடையேற முடியாது என்று தெரிந்தபோது, தன் இடத்துக்கு பில்லி ஷெர்வுட் என்ற பேஸ்காரரை அவரே தேர்ந்தெடுத்தார். பல குழுக்களில் யார் யாரோ விட்டுச்சென்ற இடத்தில் உட்கார்ந்தவர், தன் இடத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். அதுவும் ஏஷியாவில்.

பழைய இசைத்தட்டு:

கடைசி இரண்டு வார்த்தைகளிலும் கட்சியை விடவில்லை பாருங்கள்.

நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். கிரிம்சனுக்கான அவருடைய பாடல்களுக்கு வரிகள் எழுதியவர் ரிச்சர்ட் பாமர்-ஜேம்ஸ், பள்ளிக்கால நண்பர், சூப்பர்ட்ராம்ப் என்ற குழுவின் முதல் அணியில் இருந்தவர். ஜெர்மனியில் குடியிருந்தார். வரிகள் தபாலில் வரும். கிரிம்சனுக்குள் வெட்டனின் மெட்டுக்கு ஆதரவாக இருந்த ஒரே ஆள் கிரிம்சனில் இல்லாத ஆள். எனக்குப் பிடித்த தகவல் இது, வாதத்துக்கு உதவுமா என்பதெல்லாம் தெரியாது.

புதியவன்:

'ஸ்டார்லெஸ்' கேட்டுவிட்டேன், இரண்டு முறை. முதல் முறை கடைசி நிமிடங்களில் ஒலிபெருக்கி கிழிந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். வேறு பாட்டு போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் அது பேஸ் என்று புரிந்தது.

ஒரு சந்தேகம். கடைசியில் அந்த ஆரம்ப மெட்டு திரும்ப வருகிறது. சாக்ஸபோன் அதை வாசிக்கிறது, அடியில் அந்தக் கிழிந்த சத்தத்தோடு பேஸ். யாரும் பாடவில்லை. அந்த இடத்தில் வாசிப்பது தாழ்சுருதி ஐயாவின் வெட்டனா, ரசிகை அவர்களின் வெட்டனா?

ஏஷியா ரசிகை:

மெட்டு என்னுடையவர்.

தாழ்சுருதி:

சத்தம் என்னுடையவர்.

புதியவன் கேட்ட கேள்வியால் நேற்று பேஸை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டும் ஐந்தும் என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசித்தால் பத்துச் சுற்று தாங்குகிறேன். பதினோராவதில் கை தானாகப் பதினாறுக்குப் போய்விடுகிறது. பதின்மூன்று, வாய்விட்டு எண்ணுவதை எப்போது நிறுத்தவேண்டும்?

பதின்மூன்று:

நான் இன்னும் நிறுத்தவில்லை.